மெதுவா என்றால் ஸ்லோலியா, ஜென்டிலியா?

சென்னையில் ஏதாவது ஒரு அடுக்குமாடியில் வீடு காலி செய்யும் நாளில் படிக்கட்டுப் பக்கம் நின்றால் ஒரே சொல்தான் காதில் விழுந்துகொண்டிருக்கும். "மெதுவாண்ணே... அந்த முனையில மெதுவா... கீழ வைக்கும்போது மெதுவா!" ஃபிரிட்ஜைச் சுமந்து இறங்குகிறவர்கள் சீக்கிரம் இறங்கினால் வீட்டுக்காரருக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை, வண்டி வாடகை மணிக்கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது. அவர் கேட்பதெல்லாம் சுவரில் இடிக்காதே, தரையில் பொத்தென்று போடாதே என்பதுதான். ஆனால் அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் வாயில் முதலில் வருவது 'ஸ்லோலி'. ஸ்லோலி வேகத்தைப் பற்றிய சொல். இடிக்காமல், அடிபடாமல் என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஜென்டிலி'.

'மெதுவா' நம்மிடம் அவ்வளவு வேலை பார்க்கிறது. "வண்டியை மெதுவா ஓட்டு" என்றால் வேகம். "குழந்தை தூங்குது, மெதுவா பேசு" என்றால் சத்தம். "கதவை மெதுவா சாத்து" என்றால் கை கொடுக்கும் விசை. மெதுவடையில் இருப்பதோ கடித்தால் தெரியும் பதம். எழுத்துத் தமிழின் 'மெல்ல'வும் இப்படித்தான்: மெல்ல நடக்கலாம், மெல்லப் பேசலாம், மெல்லத் தொடலாம். ஆங்கிலம் இந்த நாலையும் தனித்தனி ஆளிடம் ஒப்படைத்திருக்கிறது. முதலாவது ஸ்லோலி, இரண்டாவது சாஃப்ட்லி, மூன்றாவது ஜென்டிலி, நாலாவது சாஃப்ட். "ஸ்பீக் ஸ்லோலி, தி பேபி இஸ் ஸ்லீப்பிங்" என்று ஒரு ஆங்கிலேயரிடம் சொல்லிப் பாருங்கள். குரலைக் குறைக்க மாட்டார். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி, அதே சத்தத்தில் பேசுவார். குழந்தை எழுந்துவிடும்.

எதிர்ப்பக்கத்திலும் இதே நெரிசல் உண்டு. ஜென்டில், மைல்ட், சாஃப்ட், டெண்டர் நாலுக்கும் 'மென்மையான' என்று பள்ளியில் மனப்பாடம் செய்துவிடுகிறோம். அப்புறம் லீவ் லெட்டரில் 'ஜென்டில் ஃபீவர்' வருகிறது, 'மைல்ட் பில்லோ' வருகிறது. இலக்கணப்படி ஒரு தப்பும் இல்லை. படிக்கிறவருக்குத்தான் ஏதோ நெருடும்.

பிரித்தறிய ஒரு எளிய வழி இருக்கிறது: சொல்லின் பொருளைக் கேட்காதீர்கள், எதிர்ச்சொல்லைக் கேளுங்கள். ஜென்டிலுக்கு எதிர் ரஃப், அதாவது முரட்டுத்தனம். மைல்டுக்கு எதிர் சிவியர் அல்லது ஸ்ட்ராங், அதாவது கடுமை. சாஃப்டுக்கு எதிர் ஹார்ட். பேச்சு என்றால் லவுட். டெண்டருக்கு எதிர் டஃப், நம் காய்கறிக் கடை மொழியில் முற்றல். தமிழில் ஒரே வீட்டில் குடியிருப்பதுபோல் தெரியும் இந்தச் சொற்களுக்கு எதிரிகள் வேறு வேறு பேர். எந்த எதிரியைத் தவிர்க்க நினைக்கிறீர்களோ அதற்குரிய சொல்லை எடுத்தால் போதும், பெரும்பாலும் சரியாக வந்துவிடும்.

ஜென்டில்: பலம் இருக்கிறது, ஆனால் காட்டவில்லை

யானையை ஜென்டில் என்று சொல்லலாம். எறும்பைச் சொல்ல முடியாது. எறும்பு நம்மை நசுக்காமல் இருப்பதில் அதற்கென்ன பெருமை? நசுக்கக்கூடிய பலம் இருந்து, அதை அடக்கி வைத்துக்கொள்ளும்போதுதான் ஜென்டில் என்ற சொல்லுக்கே வேலை. ஆறடி உயரமும் அதற்கேற்ற உடம்பும் இருந்து குழந்தைபோல் பழகுகிறவரை 'ஜென்டில் ஜயன்ட்' என்பது இதனால்தான். ஊசி போடும் நர்ஸ், கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பாட்டி, காயத்தில் ஒட்டிய பேண்டேஜைப் பிரிக்கும் கம்பவுண்டர், இவர்கள் எல்லோரும் நினைத்தால் வலிக்கச் செய்ய முடியும். செய்யாமல் இருக்கிறார்கள். அந்தக் கைக்குப் பெயர் 'ஜென்டில் ஹேண்ட்'.

பேச்சிலும் இதேதான். ஒரு கெட்ட செய்தியைப் 'பக்குவமா எடுத்துச் சொல்லு' என்கிறோமே, அந்தப் 'பக்குவமா'வுக்கு ஜென்டிலி அளவுக்குப் பொருத்தமான ஆங்கிலச் சொல் எனக்குத் தெரிந்து இல்லை. செய்தி மாறப்போவதில்லை, கடுமையும் குறையப்போவதில்லை. அது போய் மோதும் விதம் மட்டும் மாறுகிறது. அடுப்பிலும் பார்க்கலாம். நம் வீடுகளில் 'சிம்மில் வை' என்பதை ஆங்கிலச் சமையல் குறிப்புகள் 'ஜென்டில் ஹீட்' என்று எழுதும். ஏறுவது தெரியாமல் ஏறும் சரிவு 'ஜென்டில் ஸ்லோப்'. பரங்கிமலையின் படிகளுக்கு இந்தச் சொல் பொருந்தாது. சக்கர நாற்காலி போவதற்காகக் கட்டும் சாய்தளத்துக்குப் பொருந்தும்.

கைண்ட் என்ற சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. கைண்ட் மனசைப் பற்றியது, ஜென்டில் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியது. ஒரு பல் டாக்டர் கையில் காசில்லாதவரிடம் ஃபீஸே வாங்காமல் பல்லைப் பிடுங்கிவிடுகிறார், ஆனால் பிடுங்கிய பிடுங்கில் தாடை இரண்டு நாளைக்கு வலிக்கிறது. அவர் கைண்ட், ஜென்டில் இல்லை. இன்னொருவர் பூப்போல எடுத்துவிட்டுப் பில்லில் தாளித்துவிடுகிறார். அவர் ஜென்டில், கைண்டா என்பதை உங்கள் பர்ஸைக் கேளுங்கள்.

இந்தச் சொல்லின் பிறப்பும் சுவாரசியமானது. லத்தீனில் 'ஜென்ஸ்' என்றால் குலம். அதிலிருந்து 'ஜென்டிலிஸ்', ஒரே குலத்தைச் சேர்ந்தவர். பழைய பிரெஞ்சில் அது உயர்குடிப் பிறப்பைக் குறிக்கும் சொல்லாகி, நார்மன்கள் 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த பின் வந்த காலத்தில் ஆங்கிலத்துக்குள் புகுந்தது. ஆகவே முதலில் ஜென்டில் என்றால் 'நல்ல குடியில் பிறந்த'. நல்ல குடியில் பிறந்தவர் பண்பாக நடப்பார் என்ற நம்பிக்கையில் பண்பு சேர்ந்தது. பண்பு உள்ளவர் முரட்டுத்தனம் காட்ட மாட்டார் என்று அதுவும் சேர்ந்தது. கடைசியில் குலம் உதிர்ந்து, முரட்டுத்தனம் இல்லாமை மட்டும் மிஞ்சியது. ஜென்டில்மேன் என்ற சொல்லில் மட்டும் பழைய வாசனை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கைண்டும் அப்படி வந்ததே. 'கின்' என்றால் உறவு, குடும்பம். அதே வேரில் கிளைத்தது கைண்ட். கட்டி ஆபத்தில்லாதது என்று பயாப்ஸி ரிப்போர்ட்டில் எழுதுவார்களே 'பினைன்', அதன் லத்தீன் மூலத்துக்கும் 'நல்ல பிறப்புடைய' என்றுதான் பொருள். நல்ல குணத்தைப் பிறப்போடு முடிச்சுப் போடுவது ஐரோப்பாக்காரர்களின் தனிப்பழக்கம் என்று நாம் சொல்லிவிட முடியாது. திருக்குறளில் 96ஆம் அதிகாரமே 'குடிமை'. இன்றைக்கும் வரன் பார்க்கும்போது 'நல்ல குடும்பத்துப் பையன்' என்றுதான் ஆரம்பிக்கிறோம். இதில் ஒரு வேடிக்கை: "கல்யாணத்துக்குப் போறப்ப ஜென்டிலா டிரெஸ் பண்ணிட்டுப் போ" என்று சென்னையில் சொல்கிறோமே, அந்த ஜென்டில் மென்மை இல்லை, கௌரவம். ஆங்கிலம் கைவிட்ட பழைய பொருளுக்குக் கிட்டத்தட்ட பக்கத்தில் நம்மூர் ஆங்கிலம் நிற்கிறது.

மைல்ட்: அளவு குறைவு, அவ்வளவுதான்

ஜென்டிலில் பலத்தை அடக்கிக்கொள்ளும் ஒரு கை இருக்கிறது. மைல்டில் பெரும்பாலும் ஒரு அளவுகோல்தான் இருக்கிறது. ஒரு விஷயம் கடுமையாக இருக்கக்கூடியது, ஆனால் இந்தத் தடவை கோலின் கீழ்ப்பக்கத்தில் இருக்கிறது என்றால் அது மைல்ட். அதனால்தான் இந்தச் சொல் கெட்ட விஷயங்களோடு தாராளமாகச் சேரும்: காய்ச்சல், வலி, தண்டனை, அதிர்ச்சி. ஜென்டில் ஃபீவர் என்று எழுதக் கூடாததன் காரணமும் இதுதான். காய்ச்சல் உங்கள் மேல் இரக்கப்பட்டுத் தன் பலத்தை அடக்கிக்கொள்ளவில்லை. அதன் அளவே அவ்வளவுதான்.

இதை 2020இல் ஊரே படித்துக்கொண்டது. கொரோனா காலத்தில் நோயாளிகளை மைல்ட், மாடரேட், சிவியர் என்று மூன்றாகப் பிரித்தார்கள். மூச்சுத்திணறல் இல்லை, ஆக்ஸிமீட்டர் 94 அல்லது அதற்கு மேல் காட்டுகிறது என்றால் மைல்ட். 90க்குக் கீழே இறங்கினால் சிவியர். மைல்ட் என்று சொல்லப்பட்டவர்களில் பலர் பத்து நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தார்கள். 'இதுவா மைல்ட்?' என்று அவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் சொல் அவர்களின் அவஸ்தையை அளக்கவில்லை, அட்டவணையில் அவர்கள் இருந்த கட்டத்தைச் சொன்னது. 'மாமாவுக்கு மைல்டா ஒரு அட்டாக்' என்று தமிழில் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அங்கேயும் இதே எச்சரிக்கை தேவை. மைல்ட் அட்டாக்கும் அட்டாக்தான். மைல்ட் என்ற சொல்லின் இனிமையில் மயங்கி மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் 8.6 அளவில் பூமி அதிர்ந்தபோது சென்னையில் அலுவலகங்களிலிருந்து ஆட்கள் இறங்கித் தெருவுக்கு வந்தார்கள். இங்கே உணர்ந்தது 'மைல்ட் ட்ரெமர்'. அங்கே பெரிய அதிர்வு, இங்கே மேஜை லேசாக ஆடியது. அளவுகோலில் நாம் இருந்த இடம் அது.

நாவிலும் மைல்டுக்கு இடம் உண்டு. ஓட்டல் மெனுவில் மைல்ட் என்று போட்டிருந்தால் காரம் கம்மி என்று அர்த்தம். ஷாம்பு பாட்டிலில் போட்டிருந்தால் அதிலுள்ள சோப்புச் சரக்கின் உக்கிரம் கம்மி. ஷாம்பு விஷயத்தில் ஜென்டில் என்றும் எழுதுவார்கள், இரண்டும் சரி: மைல்ட் என்றால் சரக்கின் வீரியத்தைச் சொல்கிறார்கள், ஜென்டில் என்றால் அது உங்கள் தலையில் நடந்துகொள்ளும் விதத்தை. விளம்பரக்காரர்களுக்கு இரண்டாவதில்தான் ஆசை அதிகம்.

மைல்டின் மிகக் கெட்டியான உதாரணம் அம்பத்தூரிலோ கிண்டியிலோ ஒரு கிரில் பட்டறையில் கிடைக்கும். ஜன்னல் கம்பிக்கு விலை கேட்டால் "எம்.எஸ்ஸா, எஸ்.எஸ்ஸா?" என்பார். எஸ்.எஸ். எவர்சில்வர் என்று எல்லோருக்கும் தெரியும். எம்.எஸ். என்பது மைல்ட் ஸ்டீல். ஒரு ஆளை அறைந்தால் மண்டை உடையும் கம்பிக்கு மைல்ட் என்று பெயரா? ஆமாம். இரும்பில் கார்பன் சேரச் சேர எஃகு கடினமாகும், கூடவே முறியும் குணமும் வரும். மைல்ட் ஸ்டீலில் கார்பன் ஏறக்குறைய 0.05இலிருந்து 0.25 சதவீதம் வரைதான். அதனால் வளைக்கலாம், வெல்டிங் சுலபமாக ஒட்டும். கத்தி, ஸ்பிரிங் செய்கிற எஃகில் கார்பன் இதைவிடப் பல மடங்கு. காரம் கம்மியான குருமாவை எந்தக் கணக்கில் மைல்ட் என்கிறோமோ அதே கணக்கில்தான் கார்பன் கம்மியான எஃகும் மைல்ட். மென்மைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. பட்டறையில் நின்று 'ஜென்டில் ஸ்டீல் இருக்கா' என்று கேட்டால் கடைக்காரர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்.

மழை, காற்று: இங்கே கொஞ்சம் கவனம்

"லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்." அக்டோபர் வந்தால் நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் இந்த வாக்கியத்தைக் கேட்காத சென்னைவாசி கிடையாது. ஆங்கில அறிக்கையில் இது 'லைட் டு மாடரேட் ரெயின்'. மைல்ட் ரெயின் என்று எழுத மாட்டார்கள். லைட் என்றால் 24 மணி நேரத்தில் 2.5 மில்லிமீட்டரிலிருந்து 15.5 வரை. அதற்கு மேல் 64.4 வரை மாடரேட். 64.5ஐத் தொட்டால் ஹெவி, அதாவது கனமழை. மழைக்கு அளவு சொல்ல லைட் இருப்பதால் மைல்டுக்கு அங்கே நாற்காலி இல்லை. மைல்ட் மொத்தத் தட்பவெப்பத்துக்குத்தான் வரும். சென்னையின் குளிர்காலம் மைல்ட். சனவரி விடியற்காலையில்கூடச் சராசரியாக 20 டிகிரிக்கு மேல்தான். மப்ளரைச் சுற்றிக்கொண்டு வாக்கிங் போகிறவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஜென்டில் ரெயின் என்று சொல்லலாமா? தாராளமாக. லைட் ரெயின் எவ்வளவு பெய்தது என்கிறது, ஜென்டில் ரெயின் எப்படிப் பெய்தது என்கிறது. ராத்திரி முழுக்கச் சத்தமில்லாமல் தூறி, காலையில் கணக்குப் பார்த்தால் 20 மில்லிமீட்டர் என்றால், அது கணக்கில் மாடரேட், பெய்த விதத்தில் ஜென்டில். அளவும் விதமும் வேறு வேறு என்று நான் மேலே சொன்னது இந்த ஒரு மழையில் விளங்கிவிடும்.

காற்றில் மட்டும் ஜென்டிலுக்கே நம்பர் கொடுத்துவிட்டார்கள். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் 1805இல் வகுத்த காற்று அளவுகோலில் மூன்றாம் எண் 'ஜென்டில் பிரீஸ்'. இன்றைய கணக்கில் மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர் வேகம். இலைகளும் சின்னச் சின்னக் குச்சிகளும் ஓயாமல் அசையும், லேசான கொடி விரிந்து நிற்கும். இதற்குக் கீழே இரண்டாம் எண் 'லைட் பிரீஸ்', மேலே நாலாம் எண் 'மாடரேட் பிரீஸ்'. சாயங்காலம் மெரினாவில் சுண்டல்காரரின் காகிதப் பொட்டலங்கள் பறக்கப் பார்த்து, பறக்காமல் படபடத்துக்கொண்டிருந்தால் ஏறக்குறைய மூன்றாம் எண் என்று வைத்துக்கொள்ளலாம். மைல்ட் பிரீஸ் இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. 'இதமான காற்று' என்பதற்கு, வெப்பமும் சேர்ந்து சுகமாக இருக்கிறது என்ற பொருளில், 'பாமி' என்று ஒரு அழகான சொல் இருக்கிறது. சித்திரை மாதத்தில் அதற்கு வேலையில்லை.

சாஃப்ட்: தொட்டால் அமுங்குவது

சாஃப்டுக்கு அடிப்படை தொடுதல். தலையணை, இட்லி, பஞ்சு. விரலை வைத்தால் உள்ளே போகும். அங்கிருந்துதான் மற்றதெல்லாம் கிளைத்தது. காதுக்கு உறுத்தாத குரல் சாஃப்ட், கண்ணுக்கு உறுத்தாத வெளிச்சம் சாஃப்ட். அதிர்ந்து பேசாதவர் 'சாஃப்ட் ஸ்போக்கன்'.

சில இடங்களில் ஹார்டுக்கு எதிராக நிறுத்துவதற்காகவே இதைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஹார்டுவேர் என்ற சொல் முன்பே இருந்தது, ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கும் கடை. அதற்கு எதிராகக் கம்ப்யூட்டரில் கையில் பிடிக்க முடியாத பகுதிக்கு சாஃப்ட்வேர் என்று பெயர் வந்தது. 'ஹார்ட் லிக்கர்' இருந்ததால் சாராயம் இல்லாத பானம் 'சாஃப்ட் டிரிங்க்'. நம்மூரில் அந்த ஹார்ட் எப்படியோ 'ஹாட்' ஆகிவிட்டது. பிராந்தி, விஸ்கியை ஹாட் என்கிறோம், அதில் ஐஸ் கட்டி போட்டுக் குடித்தாலும். தண்ணீரும் இந்தக் கணக்கில்தான். சென்னையில் போர் போட்ட பல வீடுகளில் குழாய் முனையில் வெள்ளையாகப் படிகிறதே, அது கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த ஹார்ட் வாட்டரின் வேலை. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் இந்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காத பட்சத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். இந்த உப்புகள் குறைந்தால் அது சாஃப்ட் வாட்டர்: சோப்பு நுரைக்கும், பருப்பு வேகும்.

மனிதர்களைச் சாஃப்ட் என்று சொல்லும்போதுதான் சிக்கல். "எங்க மேனேஜர் ரொம்ப சாஃப்ட்" என்று நாம் பாராட்டாகச் சொல்வோம். ஆங்கிலக்காரர் காதில் அது 'தட்டிக் கேட்கத் தெரியாதவர், ஏமாற்றிவிடலாம்' என்று விழக்கூடும். அமுங்குவது என்ற அடிப்படையை நினைத்துக்கொண்டால் ஏன் என்று புரியும். பாராட்ட வேண்டுமென்றால் ஜென்டில் என்றோ, சாஃப்ட் ஸ்போக்கன் என்றோ சொல்வது பத்திரம். 'அவன் மேல எனக்கு ஒரு சாஃப்ட் கார்னர்' என்பது இந்திய ஆங்கிலம். இங்கிலாந்தில் 'சாஃப்ட் ஸ்பாட்' என்பார்கள். நம்முடையதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். அதைவிட அவசரமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது கல்யாண விளம்பரங்களில் வரும் 'ஹோம்லி'. இங்கே அது குடும்பப் பாங்கு. அமெரிக்காவில் அழகில்லாத பெண் என்று பொருள்.

டெண்டர்: பிஞ்சு

தமிழில் டெண்டர் என்றாலே மாநகராட்சியும் கான்ட்ராக்டரும்தான் நினைவுக்கு வருவார்கள். அது வேறு சொல். நீட்டுவது, முன்வைப்பது என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. விலையை முன்வைப்பதால் டெண்டர். நாம் பேசும் டெண்டர், இளசு என்ற பொருளுள்ள இன்னொரு லத்தீன் வேரிலிருந்து வந்தது. எழுத்து ஒன்று, குடும்பம் வேறு.

மற்ற சொற்களோடு மல்லுக்கட்டியதற்கு ஆறுதலாக இந்தச் சொல்லுக்குத் தமிழில் அப்படியே பொருந்தும் ஒன்று இருக்கிறது: பிஞ்சு. கோயம்பேட்டில் வெண்டைக்காய் வாங்குகிறவர்கள் நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள். பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, நார் இழுத்து வளைந்தால் முற்றல். அதுதான் டெண்டர், டஃப். பிஞ்சு வயசு 'டெண்டர் ஏஜ்', பிஞ்சு மனசு 'டெண்டர் ஹார்ட்'. இளநீர்க் கடையில் "தண்ணியா, வழுக்கையா?" என்று கேட்பாரே, அந்த வழுக்கையின் பதமும் டெண்டர், இளநீருக்கு ஆங்கிலத்தில் பெயரே 'டெண்டர் கோகனட்'. நன்றாக வெந்த மட்டனும் டெண்டர், வயசான ஆடாக இருந்தாலும் சரி.

பிஞ்சு என்றால் சீக்கிரம் அடிபடும். இந்த அடிபடும் குணம்தான் டெண்டரைச் சாஃப்டிலிருந்து பிரிக்கிறது. தலையணை சாஃப்ட், அதற்கு வலிக்காது. டெண்டர் என்றால் வலிக்கக்கூடியது. வயிற்று வலி என்று போனால் டாக்டர் வலது அடிவயிற்றில் விரலால் அழுத்தி, முகத்தைப் பார்த்துக்கொண்டே "இங்க வலிக்குதா?" என்பார். நீங்கள் 'ஸ்ஸ்' என்றதும் சீட்டில் 'டெண்டர்னெஸ்' என்று எழுதுவார். குடல்வால் வீக்கமாக இருக்குமோ என்று பார்க்கிறார். மருத்துவத்தில் இந்தச் சொல் மென்மையைச் சொல்வதே இல்லை, தொட்டால் வலிக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. ரிப்போர்ட்டில் 'அப்டமன் சாஃப்ட், நான் டெண்டர்' என்று இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் குழம்ப வேண்டாம்: வயிறு இறுகிப்போய் இல்லை, அழுத்தினால் வலியும் இல்லை, நல்ல செய்தி.

அன்பிலும் அந்த வலி உள்ளே இருக்கிறது. தூங்கும் குழந்தையின் நெற்றியில் முடியை ஒதுக்கிவிடும் அம்மாவின் பார்வை டெண்டர். பஸ்ஸில் முன்பின் தெரியாத பெரியவருக்குக் கை கொடுத்து ஏற்றிவிடும் கண்டக்டர் ஜென்டில். அவரை டெண்டர் என்றால் கொஞ்சம் அதிகமாகிவிடும். பாசம் இருந்தால்தான் டெண்டர். ஆபீஸ் மெயிலில் யாரையும் டெண்டர் என்று புகழ்ந்துவிடாதீர்கள்.

மீக், லீனியன்ட்

வாயில்லாப் பூச்சி என்கிறோமே, அதுதான் இன்றைய ஆங்கிலத்தில் மீக். எவ்வளவு திட்டினாலும் எதிர்த்துப் பேசாதவர், வரிசையில் யார் புகுந்தாலும் நகர்ந்து இடம் விடுகிறவர். சொல் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது, அங்கே அதற்கு மிருதுவான, வளைந்துகொடுக்கும் என்று பொருள். அந்தக் கால ஆங்கிலத்தில் இது பெரிய புகழ்ச்சி. 1611இல் வந்த ஆங்கில பைபிளில் பூமியைச் சுதந்தரித்துக்கொள்கிறவர்கள் மீக் ஆனவர்கள்தான். தமிழ் பைபிள் அவர்களைச் 'சாந்தகுணமுள்ளவர்கள்' என்கிறது. சாந்தகுணத்தில் அடங்கிப்போதல் கிடையாது, ஆகவே பழைய மீக்குக்குத் தமிழ்ச் சொல் இன்றும் சரியாகப் பொருந்துகிறது. ஆங்கிலச் சொல்தான் இடம் மாறிவிட்டது. தேவாலயத்தில் கேட்ட சொல்லாயிற்றே என்று இன்டர்வியூவில் 'ஐ ஆம் எ மீக் பர்சன்' என்றால் வேலை கிடைக்காது.

லீனியன்ட் என்றால் கெடுபிடி காட்டாமல் விட்டுக்கொடுப்பது, அது தண்டிக்கும் அதிகாரம் கையில் இருப்பவருக்கு மட்டும். பேப்பர் திருத்துகிறவர், நீதிபதி, ஹாஸ்டல் வார்டன், டிராஃபிக் போலீஸ். எதிர்ச்சொல் ஸ்ட்ரிக்ட். ஒரு மாணவன் ஆசிரியரிடம் லீனியன்டாக இருக்க முடியாது, இருந்தாலும் யார் மதிக்கப்போகிறார்கள்?

கடைசியாக, அந்த மெயில்

ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்க்கிற எவரும் வாரம் ஒன்றாவது அனுப்பும் வாசகம் 'ஜென்டில் ரிமைண்டர்'. மைல்ட் ரிமைண்டர் என்றும் சிலர் எழுதுகிறார்கள், பொருத்தமில்லை. நினைவூட்டலில் குறைத்துக்கொள்ள வீரியம் எதுவும் இல்லை. ஜென்டில் சரிதான். ஏன் என்று இப்போது சொல்லிவிடலாம்: கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறது, ஆனால் அதட்டவில்லை. பலம் இருக்கிறது, காட்டவில்லை. ஆனால் முதல் தடவைக்குத்தான் இது பொருந்தும். மூன்றாவது மெயிலிலும் அதே தலைப்பைப் போட்டு, மேலதிகாரியை சிசியில் சேர்த்து, தேதியை போல்டாக்கி அனுப்பினால் பெறுகிறவருக்கு ஜென்டிலாக எதுவும் தெரியாது. அந்தக் கட்டத்தில் வெறும் 'ரிமைண்டர்' என்று போட்டு, என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று இரண்டே வரியில் கேட்பதுதான் நல்லது.